பரிசுப் பணம் வாங்கிவிட்டாள், இனி அமெரிக்கக் கல்லூரியில் ஆட முடியாதா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் கோயம்புத்தூர். என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து டென்னிஸ். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) ஜூனியர் போட்டிகளோடு, போன வருடத்திலிருந்து பெண்களுக்கான டபிள்யூ15 என்ற ஆரம்பநிலைத் தொழில்முறைப் போட்டிகளிலும் ஆடுகிறாள். அதில் இதுவரை சுமார் 1,400 டாலர் பரிசு வந்திருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் நடக்கும் பரிசுப் பணப் போட்டிகளில் 85,000 ரூபாய். அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்போடு படித்துக்கொண்டே ஆட வேண்டும் என்பது பாப்பாவின் ஆசை. "பரிசுப் பணம் கையில் வாங்கியவர்களை அங்கே அமெச்சூர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று அகாடமியில் ஒரு பெற்றோர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? பெங்களூரில் ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறேன், கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் 10 சதவீதம் தந்தால் போதும் என்கிறார். தெரிந்த மில் முதலாளி ஒருவர் வருடம் 3 லட்சம் தருகிறேன் என்றிருக்கிறார். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் முழுக்க ஆடி, ரேட்டிங்கை ஏற்றிக்கொண்டு அப்புறம் போகலாம் என்பது கோச்சின் யோசனை. எங்களுக்கு வழி சொல்லுங்கள்.

பதில்:

அம்மா, இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் மகள் வாங்கிய பரிசுப் பணத்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் எழுதிய நான்கு விஷயங்களில் பணம்தான் ஆபத்து குறைந்தது. எனக்குக் கவலை தருபவை கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏஜென்டும் அந்த ஒரு வருடமும்தான்.

பணத்திலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் தூக்கம் அதில்தானே போனது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரிய அமைப்பு என்சிஏஏ. அங்கே ஆட வரும் ஒவ்வொருவரும் அமெச்சூர்தானா, அதாவது ஆட்டத்தைத் தொழிலாக்காதவர்தானா என்று பார்ப்பதற்கென்றே அதில் எலிஜிபிலிட்டி சென்டர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன் மேல் இரண்டு நிலைகளான டிவிஷன் 1, டிவிஷன் 2 கல்லூரிகளில் ஆட வேண்டுமானால் அதன் சான்று இல்லாமல் முடியாது. டிவிஷன் 1 டென்னிஸுக்குப் பல வருடமாக ஒரு தனிச் சலுகை உண்டு: கல்லூரியில் முழுநேர மாணவியாகச் சேர்வதற்கு முன்னால், ஒரு காலண்டர் வருடத்தில் 10,000 டாலர் வரை பரிசுப் பணம் வாங்கலாம். ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு கணக்கு, அடுத்த ஜனவரியில் புதுக் கணக்கு. உங்கள் மகளின் 1,400 டாலரையும், ரூபாயில் வந்த 85,000-ஐயும் சேர்த்தால்கூட இரண்டரை ஆயிரம் டாலரைத் தொடவில்லை. அதுவும் இரண்டு வருடத்தில் பிரிந்து வந்த பணம். திருப்பிக் கொடுக்கவே வேண்டாம்.

10,000-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் சிக்கல். அதற்கு மேல் ஒவ்வொரு போட்டியிலும், அந்தப் போட்டிக்கு உண்மையில் ஆன அவசியச் செலவு எவ்வளவோ அவ்வளவுதான் பரிசிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் நீச்சலிலோ தடகளத்திலோ இருந்திருந்தால் முதல் ரூபாயிலிருந்தே இந்தச் செலவுக் கணக்குதான். இதில் நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. விளையாடுகிற பிள்ளையின் செலவு மட்டுமே கணக்கில் வரும். கூடப் போன அம்மாவின் டிக்கெட்டும் கோச்சின் ஃபீஸும் அதில் சேராது.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். வடக்கே ஒரு டபிள்யூ15 போட்டிக்கு நீங்களும் மகளும் போகிறீர்கள். அவள் ரயில் டிக்கெட் போகவர 3,200. ஹோட்டல் ஏழு இரவுக்கு 16,800, ஆனால் அறையில் நீங்களும் தங்கியதால் அவள் பங்கு 8,400. சாப்பாடு 4,900. நான்கு முறை ராக்கெட் நரம்பு மாற்ற 3,600. நுழைவுக் கட்டணம் 3,400. மொத்தம் 23,500. பரிசு 25,000 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கெட், அறையில் உங்கள் பங்கு, உங்கள் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் வீட்டிலிருந்து போனது 40,000. அதாவது 15,000 கைநஷ்டம். ஆனால் அந்த விதியின் கண்ணில் பார்த்தால் உங்கள் மகள் 1,500 ரூபாய் லாபம் பார்த்தவள். எத்தனையோ தாய்மார்கள் என் எதிரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண்ணைத் தனியாக ஊர் ஊராக அனுப்ப முடியுமா? முடியாது. விதிக்கு அது தெரியாது.

இந்த அநியாயத்தை அமெரிக்காவிலேயே ஒரு பெண் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். வட கரோலினா பல்கலைக்கழக வீராங்கனை ரீஸ் பிராண்ட்மையர், 2021 யுஎஸ் ஓபனில் கிடைத்த பரிசில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. எது செலவு, எது செலவில்லை என்று அவரோடும் இழுபறி நடந்தது. 2024 மார்ச்சில் என்சிஏஏ மேல் வழக்குப் போட்டார். அதிலிருந்து இந்த விதி ஆட்டம் கண்டு, தளரும் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தளர்ந்தால் உங்களுக்கு நல்லதுதான். ஆனாலும் பழைய 10,000 டாலர் விதி அப்படியே இருப்பதாக நினைத்துக் கணக்கு வையுங்கள். கடுமையான விதிக்கு ஏற்ப எழுதிய கணக்கு தளர்ந்த விதிக்கும் போதும். மாற்றி வைத்தால் போதாது.

கணக்கு வைக்க ஆப் எதுவும் வேண்டியதில்லை. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா 200 பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒரு போட்டிக்கு இரண்டு பக்கம். இடதுபக்கம் போட்டியின் பெயர், தேதி, எந்தச் சுற்று வரை ஆடினாள், பரிசு எவ்வளவு, வரிப் பிடித்தம் எவ்வளவு, வங்கியில் எந்தத் தேதியில் விழுந்தது. வலதுபக்கம் பில்கள், பசை போட்டு ஒட்டியது. நரம்பு மாற்றியவர் பில் தரவில்லை என்றால் ஒரு துண்டுச் சீட்டில் அவரையே எழுதிக் கையெழுத்துப் போட வைத்திருந்தார். சில பில்களில் சாம்பார் கறைகூட இருந்தது. அந்தப் பெண்ணின் சான்று ஒரு கேள்விகூட இல்லாமல் வந்தது. நீங்களும் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். பழைய பில் தொலைந்திருந்தால் ரயில் டிக்கெட் மெசேஜ், ஹோட்டல் ஈமெயில், யூபிஐ பட்டியல் என்று போனிலேயே பாதி கிடைத்துவிடும்.

பணம் வாங்கியதை மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, சந்தோஷம். இருந்தாலும் அகாடமியில் யாராவது அந்த யோசனையும் சொல்வார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். சர்வதேசப் போட்டிகளில் வாங்கிய பரிசுப் பணம் ஆட்டக்காரரின் பக்கத்தில் இணையத்திலேயே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது. எலிஜிபிலிட்டி சென்டர் கேள்வித்தாளில் பரிசு, சம்பளம், ஒப்பந்தம், ஏஜென்ட், பிறர் செய்த பண உதவி எல்லாவற்றையும் கேட்பார்கள். இருப்பதை இருப்பதாகச் சொன்னால், வரம்பை மீறியிருந்தாலும் பெரும்பாலும் வழி இருக்கும்: அதிகப்படித் தொகையை ஏதாவது அறக்கட்டளைக்குக் கொடுக்கச் சொல்வார்கள், அல்லது சில ஆட்டங்கள் உட்கார வைப்பார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அந்த வழியும் அடைபட்டுப்போகும்.

சரி, ஏஜென்டுக்கு வருகிறேன். அவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். போன் எடுத்து "பாப்பாவுக்கு நீங்கள்தான் இனி எல்லாம்" என்று வாய்வார்த்தையாகக்கூடச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையின் விவரத்தைக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்கும் சேவைக்குப் பணம் கொடுப்பதை என்சிஏஏ தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டணம் ஸ்காலர்ஷிப்போடு அவளைக் கல்லூரியில் சேர்த்துவிடுவதற்கான கூலியாக இருக்கக் கூடாது. ஸ்காலர்ஷிப்பில் 10 சதவீதம் என்பது நேராக அந்தத் தடையில் போய் முட்டுகிறது. இவ்வளவு ரூபாய் என்று முன்கூட்டியே பேசிய, ஸ்காலர்ஷிப் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாறாத கட்டணம் என்றால் பேசிப் பார்க்கலாம். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால், விதி அவருக்குத் தெரியவில்லை அல்லது உங்கள் மகளின் எதிர்காலத்தைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை. இரண்டில் எதுவானாலும் அவர் வேண்டாம்.

இதைக் கோபமாகவே எழுதுகிறேன், காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவனின் அப்பா ஆறு பக்க ஒப்பந்தத்தோடு வந்தார். கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கல்லூரி சேர்க்கைக்கான உதவி என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் பக்கத்தில் சின்ன எழுத்தில், பையனின் விளையாட்டு வாழ்க்கை சம்பந்தப்பட்ட எல்லா வருமானத்துக்கும் ஸ்பான்சர்களுக்கும் அந்த ஆளே ஒரே பிரதிநிதி, அதுவும் பத்து வருடத்துக்கு என்று இருந்தது. விளையாட்டுத் திறமையை விற்றுத்தர ஒருவரை நியமித்தாகிவிட்டது என்றுதான் அதைப் படிக்கிற எவரும் அர்த்தம் செய்துகொள்வார்கள். அமெச்சூர் என்ற தகுதியை உடைக்கும் விஷயங்களில் முதல் வரிசையில் இருப்பது அது. அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்து, விளக்கக் கடிதம் எழுதி, பதில் வாங்க நான்கு மாதம் ஓடியது. பையன் பரிசாக ஒரு ரூபாய் வாங்கியதில்லை. ஆனாலும் அந்த ஆகஸ்ட்டில் அவன் விமானம் ஏறவில்லை. அந்த அப்பா என் அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உங்களிடம் யார் எந்தத் தாளை நீட்டினாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து, படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துக் கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்லுங்கள்.

மில் முதலாளி நல்ல மனுஷர் என்று தெரிகிறது. அவர் உதவியை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் தரும் விதம் முக்கியம். பயிற்சிக்கும் போட்டிக்கும் ஆகும் செலவை அக்கம்பக்கத்தில் இருப்பவரோ ஒரு தொழில் நிறுவனமோ ஏற்றுக்கொள்வதற்கு விதியில் இடம் இருக்கிறது. தருகிறவர் ஏஜென்டாக இருக்கக் கூடாது, எந்த அமெரிக்கக் கல்லூரி அணியின் புரவலராகவும் இருக்கக் கூடாது. 3 லட்சத்தை மொத்தமாக உங்கள் கணக்கில் போடச் சொல்லாதீர்கள். அகாடமி ஃபீஸ், விமான டிக்கெட் என்று நேராகக் கட்டச் சொல்லுங்கள், ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். "ஒரு பட்டம் ஜெயித்தால் 50,000" என்று அன்பாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "நாளைக்குப் பெரிய ஆளானதும் வருமானத்தில் இவ்வளவு திருப்பித் தா" என்ற பேச்சு வந்தால் அதற்கும் இல்லை என்றே சொல்லுங்கள். மில் வேலையாள் என்று பெயருக்குச் சேர்த்து மாதச் சம்பளம் போடும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. ஆடுவதற்காகச் சம்பளம் என்று ஆகிவிட்டால் அது தொழில்முறை ஆட்டம்.

கூடவே, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா? எலைட், மிம்ஸ், சிடிஎஸ் என்று மூன்று நிலைகளில் இருக்கின்றன. பயிற்சிச் செலவை அரசு நேரடியாக ஏற்பதை அமெச்சூர் விதி அனுமதிக்கிறது. முதலாளியின் பணத்தைவிட இதற்கு விளக்கம் சொல்வது எளிது.

இப்போது அந்த ஒரு வருடம். கோச் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் சொல்வது ஆட்டத்தின் கணக்கில் சரிதான். வருடம் முழுக்க ஆடினால் யூடிஆர் என்ற டென்னிஸ் ரேட்டிங் ஏறும், அதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கோச்சுகள் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். ஆனால் டிவிஷன் 1 டென்னிஸில் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு 6 மாதம்தான் அவகாசம் என்று விதி இருந்துவருகிறது. மற்ற பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு வருடம். டென்னிஸுக்குத்தான் இந்த ஆறு மாதம். உங்கள் மகள் மே மாதம் பிளஸ் டூ முடிக்கிறாள் என்றால் நவம்பரோடு அவகாசம் முடிகிறது. கல்லூரியில் சேராமல் அதற்குப் பிறகும் போட்டிகளில் ஆடினால், அப்படி ஆடும் ஒவ்வொரு வருடத்துக்கும் கல்லூரியில் ஆட அவளுக்குள்ள நான்கு சீசனில் ஒன்று கழியும். அதோடு கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பரிசு வாங்கினாளா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. தேதி குறித்து, டிரா போட்டு, ஸ்கோர் எழுதி, அம்பயர் உட்கார்ந்த எந்தப் போட்டியும் கணக்கில் வரும். ரேட்டிங்கில் ஒரு புள்ளி ஏறுவதற்கு ஒரு சீசனையும் ஒரு வருட ஆட்டத்தையும் கொடுப்பதா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுக்க மாட்டேன். இந்த ஆகஸ்ட் சேர்க்கைக்கே முயற்சி செய்யுங்கள். அது தவறினால் ஜனவரிச் சேர்க்கை. நவம்பருக்குப் பிறகு பயிற்சி மட்டும், போட்டி கூடாது.

ரேட்டிங் குறைவாக இருக்கிறதே என்று கோச் கேட்டால், கல்லூரிக்குப் போய் அங்கே வளர்ந்தவர்களைக் காட்டுங்கள். சென்னையில் வளர்ந்து ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். 2007 இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்றவர் அமெரிக்க வீரர் ஜான் இஸ்னர். மதுரைப் பையன் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியில் ஆடிக்கொண்டே 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இந்தியாவுக்காக ஒற்றையர் ஆட்டத்தில் வென்றார்.

இந்தக் காலக்கணக்கில் இன்னொரு இடமும் இருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இடைவெளி இல்லாமல் படித்தாளா? டென்னிஸுக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அப்புறம் திறந்தநிலைப் பள்ளியில் எழுத வைத்த குடும்பங்கள் நிறைய. ஒன்பதாம் வகுப்பில் முதல்முறை கால் வைத்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. நடுவில் ஒரு வருடம் விட்டால், பள்ளி முடித்திருக்க வேண்டிய தேதி தள்ளிப்போகாது. அந்த ஆறு மாத அவகாசமும் பழைய தேதியிலிருந்தே எண்ணப்படும். அப்படி ஏதாவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அது வேறு பேச்சு. படிப்பில் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் டிவிஷன் 1-க்கு 4-க்கு 2.3 என்ற சராசரி கேட்பார்கள். எஸ்ஏடி என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை 2023-லிருந்து என்சிஏஏ கேட்பதில்லை. சில கல்லூரிகள் தங்கள் சேர்க்கைக்குக் கேட்கலாம்.

அங்கே இப்போது கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள் என்று செய்தி பார்த்து மகள் கேட்பாள். 2021 ஜூலையிலிருந்து அது உண்மைதான். ஆனால் இவள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். அதில் அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. விளையாட்டு விதி அனுமதித்தாலும் விசா விதி அனுமதிக்க வேண்டும். அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. எலிஜிபிலிட்டி சென்டரில் மகள் பெயரில் கணக்கு தொடங்குங்கள், பதிவை அவளையே நிரப்பச் சொல்லுங்கள், நீங்கள் நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். ஆகஸ்ட்டில் சேர்வதாக இருந்தால் அமெச்சூர் என்ற இறுதிச் சான்றைக் கேட்கும் விண்ணப்பத்தை ஏப்ரல் 1-லிருந்துதான் கொடுக்க முடியும். அதற்குப் பிறகு நடந்த போட்டிகளையும் விடாமல் சொல்ல வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வருட மார்க் ஷீட்டும் தேவைப்படும். ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டை எங்கே வைத்தோம் என்று கடைசி வாரத்தில் பீரோவைக் கவிழ்க்காத வீட்டை நான் பார்த்ததில்லை. வேறு பள்ளியில் படித்திருந்தால் கோடை விடுமுறைக்கு முன்பே போய் வாங்கிவிடுங்கள்.

எந்தக் கல்லூரிக் கோச் ஆர்வம் காட்டினாலும், விதிகளைக் கவனிக்கும் அந்தக் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தோடு தொடர்பு கேட்டு வாங்குங்கள். விதிகள் வருடா வருடம் மாறுகின்றன. மகள் சேரும் வருடத்து விதியைச் சொல்வது அவர்கள் வேலை, அதற்குக் கட்டணம் கிடையாது. போனில் கேட்காதீர்கள், ஈமெயிலில் கேளுங்கள். "என் பிறந்த தேதி இது, ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது இந்த மாதம், பிளஸ் டூ முடிப்பது இந்த மாதம், இந்த இரண்டு வருடத்தில் வாங்கிய பரிசுப் பணம் இவ்வளவு, ஒரு தொழில் நிறுவனம் என் பயிற்சிச் செலவை ஏற்கிறது, ஏஜென்ட் யாரும் இல்லை, நான் முதல் வருடமே ஆடலாமா?" என்று மகளே எழுதட்டும். வரும் பதிலை அச்சடித்து அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.